தண்ணீர்க் குழாயை இடம் மாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளியூர்ப் பயணத்தில் கையைக் கடிப்பது டிக்கெட் இல்லை. தண்ணீர், டீ, ஆட்டோ என்று போகும் சில்லறைச் செலவுதான். ஒரு லிட்டர் 'ரயில் நீர்' 2025 செப்டம்பரில் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாயாகக் குறைந்தது. ஆனாலும் சில நடைமேடைக் கடைகளில் 20 ரூபாயை வாங்கிக்கொண்டு மீதி தருவதில்லை. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. "பில் கொடுங்க" என்று நிதானமாகக் கேட்டால் பெரும்பாலும் மீதி வந்துவிடுகிறது.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறுக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. புளியோதரை ஒரு நாள் தாங்கும். தயிர்சாதம் என்றால் பாலை அதிகம் ஊற்றிப் பிசைந்து, தயிரைக் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சாயங்காலம் வரை புளிக்காது. (ஊறுகாயைத் தனியாக வையுங்கள், பையெல்லாம் எண்ணெயாகிவிடும்.)

தெற்கிலிருந்து சென்னை வருபவர்கள் கிண்டி, மாம்பலம் பக்கம் போவதானால் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். மின்சார ரயிலில் கடற்கரை வரைக்கும் 10 ரூபாய்தான். விடியற்காலையில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் வேலையும் மிச்சம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் டிக்கெட் செலவே இல்லை.

சரி, அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை. பல பேருந்து நிலையங்களில் குடிநீர்க் குழாய் கழிப்பறையை ஒட்டியே இருக்கிறது. அங்கே பாட்டிலை நிரப்ப யாருக்கு மனம் வரும்? அதை நேரக் காப்பாளர் அறைப் பக்கம் மாற்றினால் போதும்.

– ஒரு வாசகி, திருச்சி