ஜாக்கோவின் படிகள் கொள்ளையர் பாதை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கா தீவின் மழைக்காட்டு நடை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் கட்டுரை வந்திருந்தது. அதில் ஒரு படத்தின் கீழ் ‘கொள்ளையர் பதுங்கிய குன்று’ என்று அச்சாகியிருக்கிறது. அதைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். அங்கே ஒளிந்திருந்தவர்கள் கரும்பு, காப்பித் தோட்டங்களிலிருந்து தப்பிய ஆப்பிரிக்க அடிமைகள். மரூன்கள் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு மலைக்கு ஓடிய மாட்டைக் குறித்த ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது அது. ‘கொள்ளையர்’ என்பது அவர்களைத் தேடி அலைந்த தோட்ட முதலாளிகள் வைத்த பெயர். நாமும் ஏன் அதையே சொல்ல வேண்டும்?

அந்தக் காட்டுக்குள் அவர்கள் வாழை, வள்ளிக்கிழங்கு, சேம்பு வகைகளைப் பயிரிட்டுக் குடித்தனம் நடத்தினார்கள். ஆபத்து வந்தால் சங்கு ஊதித் தகவல் சொன்னார்கள். தலைநகர் ரோசோவில் சங்கு ஊதும் மரூனுக்குச் சிலையே இருக்கிறது. ஜாக்கோ என்ற தலைவர் 40 ஆண்டுகளுக்கு மேல் பிடிபடாமல் இருந்தார். கடைசியில் பிரிட்டிஷ் ஆளுநர் ஐன்ஸ்லியின் படை முதலில் குறிவைத்தது அவர்களுடைய கிழங்குத் தோட்டங்களைத்தான். சோறு இல்லாமல் காட்டில் எத்தனை நாள் தாங்க முடியும்? 1814 ஜூலையில் ஜாக்கோ கொல்லப்பட்டார். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது 1834-இல்.

கட்டுரை சொல்லும் வைட்டுக்குபுலி தேசியப் பாதை 2011-இல் திறக்கப்பட்டது. 184 கிலோமீட்டர், 14 பகுதிகள். பழங்குடிகளான கலினாகோ மக்களும் மரூன்களும் நடந்த தடங்கள் பலவற்றை அது தொட்டுச் செல்கிறது. ஜாக்கோவின் படிகள் தீவின் நடுவே, பெல்ஸ் என்ற ஊர்ப் பக்கம், லாயூ ஆற்றை ஒட்டிய செங்குத்துச் சரிவில் மரூன்கள் வெட்டியவை. சாதாரணப் படியைவிட ஒவ்வொன்றும் நல்ல உயரம்; துப்பாக்கியும் மூட்டையும் சுமந்து வரும் சிப்பாய் மூச்சு வாங்கித்தான் ஏற முடியும்.

‘வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இது சுலபம்’ என்றும் கட்டுரையில் ஒரு வரி. இதை நம்பி யாரும் கிளம்பிவிடக் கூடாது. வெள்ளியங்கிரிக்கு நாம் போவது மாசி முதல் வைகாசி வரையிலான காய்ந்த மாதங்களில்; முன்னும் பின்னும் ஆள் இருக்கும். டொமினிக்காவில் கால் வைப்பது ஊறிய களிமண்ணிலும் பாசி பிடித்த வேரிலும். வழுக்கி விழுபவர்களில் பெரும்பாலோர் ஏறும்போது அல்ல, இறங்கும்போது, களைத்த காலோடு வேரின் மேல் மிதித்தவர்கள்தான். வேரைத் தாண்டி அதற்கு அப்பால் கால் வைக்க வேண்டும். நம் மூங்கில் தடி அங்கேயும் உதவும். இறங்கும்போது முதலில் தடி, பிறகு கால்.

ஆற்றைக் கடக்கும் இடம்தான் உண்மையான அபாயம். மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். நம் பக்கத்துப் பள்ளங்களில் திடீரென்று தண்ணீர் வருவது போலத்தான். தெளிந்த நீர் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் நின்றுவிட வேண்டும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் இறங்கவே வேண்டாம். இறங்குமுன் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பையை உதறிவிட்டு நீந்த அதுதான் வழி. நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று, தடியோடு சேர்த்து எப்போதும் இரண்டு ஊன்றல் தரையில் இருக்கும்படி பக்கவாட்டில் நகர வேண்டும். செருப்பைக் கழற்றி வெறுங்காலில் இறங்குவது பெரிய தப்பு. பாறை இடுக்கில் விரல் சிக்கினால் நீரே ஆளைச் சாய்த்துவிடும்.

ஜீன்ஸும் பருத்திப் பனியனும் நனைந்தால் காயாது. உடம்பு நடுங்கும், தொடை உரசிப் புண்ணாகும். நாள் நடைக்கு ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். காட்டுக்குள் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும் என்பதால் காலை 7-க்குள் கிளம்புவது நல்லது. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 2017 செப்டம்பரில் வந்த மரியா சூறாவளி இந்தப் பாதையைச் சின்னாபின்னமாக்கியது. ஆகவே பழைய வரைபடத்தை மட்டும் நம்பாமல் உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஜாக்கோவின் கதையையும் அவர் வாயால் கேட்கலாம்.

ஆனைமலை பற்றியும் ஒரு வார்த்தை. அடிமை முறையும், முன்பணம் கொடுத்து இங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையும் ஒன்றல்ல. ஒன்றாக்கிப் பேசுவது இரு தரப்புக்கும் அநியாயம். ஆனாலும் 1859-இன் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், நீதிபதியின் உத்தரவுக்குப் பிறகும் திரும்பாவிட்டால், மூன்று மாதம் வரை சிறை. 1920-களில்தான் அந்தச் சட்டம் போனது. டாப்ஸ்லிப், வால்பாறை நடைகளைப் பற்றித் தாங்கள் எழுதும்போதெல்லாம் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் வருகின்றன. சோலையை அழித்துத் தேயிலை நட்ட கைகளும், அந்தக் காட்டைத் தங்கள் ஊராகவே அறிந்த காடர்களும் வருவதில்லை.

படக்குறிப்பை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, அதே பக்கத்தில், ‘தப்பிய அடிமைகள் வாழ்ந்த குன்று’ என்று திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலைநடை ஆர்வலர்கள் சிலர்,
பொள்ளாச்சி.