வெயிலூரில் வெயில் காணாத ஆமைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் வசிக்கும் என் தங்கையின் பேரனுக்குக் கடந்த ஆண்டு அலங்கார மீன் கடை ஒன்றில் ஆமைக்குட்டி வாங்கித் தந்தார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியதாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையோடு இருந்த அது, அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிவப்புக் காது ஆமை. எட்டு மாதம் கழித்து நான் அதைக் கையில் எடுத்தபோது ஓடு கட்டைவிரல் பட்ட இடத்தில் அமுங்கியது. இமைகள் வீங்கிக் கண்கள் மூடிக் கிடந்தன.

அதற்குக் கொடுத்தது டப்பாவில் விற்கும் காய்ந்த கூனி இறால் மட்டுமே. கிண்ணத்தை மூடிய கண்ணாடி ஜன்னலோரம் வைத்து, வெயில் படுகிறது என்று நம்பியிருந்தார்கள். சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி (யு.வி.பி.) கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து கொடுத்தாலும் உடலில் ஒட்டாது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான், 'வெயிலூர்' என்றே பெயர் வாங்கிய நம் வேலூரில் ஓர் உயிர் வெயில் இல்லாமல் வாடியது எங்களுக்குப் புரிந்தது.

நேரடி வெயில் காட்ட மாடி வசதி இல்லாதவர்கள் ஊர்வனவற்றுக்கென விற்கும் யு.வி.பி. பல்பைப் பொருத்த வேண்டும். சாதாரண எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. சிவப்பு வெப்ப பல்பு சூட்டை மட்டுமே தரும். யு.வி.பி. பல்பிலும் வெளிச்சம் குறையாமல் கதிர் மட்டும் மங்கிவிடுமாதலால், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அதை மாற்ற வேண்டும்.

தண்ணீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலும், ஏறி உடல் காயும் இடம் 32 டிகிரியை ஒட்டியும் இருப்பது நல்லது. மார்கழி, தை மாத இரவுகளில் குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாலும், இங்கே பெரிய ஆபத்து சித்திரை வெயில்தான். மொட்டை மாடியில் ஆழமில்லாத தொட்டியை நண்பகல் வரை விட்டால், சூடேறிய தண்ணீரே அதைக் கொன்றுவிடும். நாங்கள் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை மட்டுமே வெளியே வைக்கிறோம். தொட்டியின் பாதிக்கு மேல் ஈரச்சாக்கைப் போட்டு, ஏறி உட்கார ஒரு செங்கல்லும், காகமும் பூனையும் அண்டாதிருக்கக் கம்பி வலையும் வைத்திருக்கிறோம்.

குட்டியாக இருக்கும்போது மண்புழு, சிறு மீன், தரமான ஆமைத் தீவனம் ஆகியவை முக்கியம். வளர வளரப் பச்சை இலைகளின் பங்கைக் கூட்ட வேண்டும். கேரட்டும் பரங்கிக்காயும் கண் வீக்கத்துக்குக் காரணமான வைட்டமின் ஏ குறையை ஈடுகட்டும். பாலக் கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதை அன்றாடம் தரக் கூடாது. சுண்ணாம்புச் சத்துள்ள கணவாய் மீன் ஓட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் தானே கொறித்துக்கொள்கிறது. ஐந்து மாதத்தில் எங்கள் ஆமையின் கண் திறந்து, ஓடும் கெட்டியாகிவிட்டது. முதுகில் விழுந்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த ஆமை இருபது, முப்பது ஆண்டுகள் வாழும்; சாப்பாட்டுத் தட்டளவு வளரும். சலித்துப்போய்க் கோட்டை அகழியிலோ ஏரியிலோ விடுவது, நம் மண்ணின் ஆமைகளுடைய இரைக்கும் இடத்துக்கும் போட்டியை உண்டாக்கும் தவறு. காட்டிலிருந்து பிடித்த நட்சத்திர ஆமையை எவரேனும் விற்க வந்தால் வாங்கவே கூடாது. அதை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எங்களுக்கு விற்ற கடைக்காரர் ஒளியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனவே ஆமை விற்கும் ஒவ்வொரு கடையும் ஒளி, வெப்பம், உணவு ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கத் தாளை வாங்குபவர் கையில் கட்டாயம் கொடுக்கும்படி, வேலூர் மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் உத்தரவிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.