பொம்மையார்பாளையம் கரையிலிருந்து இரண்டு அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி அரசுக்கும் தமிழ்நாடு அரசுக்கும், கடல் அரிப்பு பற்றிய கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறதோ அந்த அதிகாரிகள் எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு அரசுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதக் காரணம் இருக்கிறது. புதுச்சேரி நகரத்திலிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் வரை புதுச்சேரி. அப்புறம் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டம், அதாவது தமிழ்நாடு. அதைத் தாண்டினால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம், மறுபடியும் புதுச்சேரி. அதற்கு மேலே மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அவன் போட்ட கோடு போகவில்லை. ரேஷன் கார்டு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம், ஓட்டு இதெல்லாம் அந்தக் கோட்டின்படி பிரிந்திருக்கட்டும், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் மணலும் அந்தக் கோட்டைப் பார்த்து நின்றுவிடும் என்பது போலத்தான் இத்தனை வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பக்கத்து வீடுகள் எப்படி விழுகின்றன என்று நேரில் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குப்பத்து வீடுகள் கடலுக்குள் கட்டியவை கிடையாது. மணல் மேட்டின் மேல், முன்னால் படகு இழுத்துப் போடவும் வலை காயவைக்கவும் கருவாடு பரப்பவும் நல்ல அகலமான இடம் விட்டுத்தான் பெரியவர்கள் கட்டினார்கள். அந்த அகலம் போனதும் மேட்டின் அடியிலேயே அலை வந்து நிற்க ஆரம்பித்தது. மேலே பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், கீழே மணல் சரிந்து மேடு செங்குத்தாக வெட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். முதலில் தென்னை வேரோடு சாயும். அப்புறம் கழிவறைத் தொட்டி வெளியே தெரியும். அப்புறம் அஸ்திவாரத்துக்கு அடியில் ஓட்டை விழுந்து, தரை மட்டும் பலகை போல அந்தரத்தில் நிற்கும். புயல் வருவது இதற்கெல்லாம் பிறகுதான். புயல் கடல் மட்டத்தையே தூக்கிக்கொண்டு வருவதால், சாதாரண நாளில் மேட்டின் காலடியில் உடைகிற அலை அன்றைக்குச் சுவரின் மேலேயே உடைகிறது, ஒரே ராத்திரியில் கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் செய்தியில் "புயலால் வீடு இடிந்தது" என்று வரும். பாதிதான் உண்மை. அந்த வீட்டைப் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தது வேறு ஒன்று. தானே புயல் 2011-ல், நிவர் 2020-ல், மாண்டஸ் 2022-ல், ஃபெஞ்சல் 2024-ல். இவை வராத வருடத்திலும் வாடைக் காலத்தில் கரை போய்க்கொண்டேதான் இருக்கிறது. மாண்டஸ் கரை கடந்தது மாமல்லபுரம் பக்கம். வீடுகள் விழுந்தது பிள்ளைச்சாவடியில். முன்னால் மணல் இல்லாத கரைக்குப் புயல் நேராக மேலே வரவேண்டிய அவசியமே இல்லை.

அந்த வேறு ஒன்று என்ன என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி, அதாவது மார்ச் வாக்கில் தொடங்கி அக்டோபர் வரை, அலை தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச மாதம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், வருடத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். இந்த ஓட்டத்தின் குறுக்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காக இரண்டு கல் கரங்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மேடு ஏறியது. வடக்கே வரவேண்டியது வரவில்லை. இத்தனைக்கும் தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கில் விடும் ஏற்பாடு அந்தத் துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. ஏற்பாடு ஒழுங்காக நடக்கவில்லை, கல் கரம் மட்டும் நிற்கிறது. புதுச்சேரி நகரத்துக் காந்தி சிலைக்கு முன்னால் மணல் காணாமல் போய், அங்கே கருங்கல் கொட்டி, அந்தக் கல் முடிகிற இடத்தில் அரிப்பு ஆரம்பித்து, அங்கேயும் கல் கொட்டி, இப்படியே ஊர் ஊராக வடக்கே நகர்ந்து வந்து எங்கள் வாசலில் நிற்கிறது.

கல்லைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். நாங்கள் கல் கேட்டிருக்கிறோம். ஈ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், உட்கார்ந்து மறியல் செய்தும் கேட்டிருக்கிறோம், தேவைப்பட்டால் இனியும் கேட்போம். படித்தவர்கள் சிலர் வந்து கல் போட்டால் கடற்கரை போய்விடும் என்று விளக்குகிறார்கள். அது சரிதான், அவர்கள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் படுக்கையறைக்கு அடியில் அலைச் சத்தம் கேட்கிற வீட்டுக்காரரிடம் முப்பது வருடத் திட்டத்தைக் காட்டினால் அவர் என்ன செய்வார்? இன்றைக்கு ராத்திரி வீடு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. கேள்வி கேட்கவேண்டியது கல் கேட்கிறவரை இல்லை. கல்லைத் தவிர வேறு எதையும் அவர் கேட்க முடியாதபடி வைத்திருக்கிற ஏற்பாட்டை.

அந்தக் கல்லையாவது ஒழுங்காகப் போடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. லாரியில் கொண்டுவந்து மேட்டின் விளிம்பிலிருந்து கீழே தள்ளிவிட்டுப் போவது தடுப்புச் சுவர் ஆகாது. கல்லுக்கு அடியில் மணலைப் பிடித்து வைக்கிற துணி விரிக்க வேண்டும், அதன் மேல் சின்னக் கல், அதன் மேல் பெரிய கல், கடல் பக்கக் காலடியை ஆழமாகத் தோண்டிப் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அலை கல்லில் மோதித் திரும்பும்போது காலடி மணலைத் தோண்டும், இடுக்கு வழியாகப் பின்பக்க மண்ணும் ஒழுகிப் போகும், கல் புதையும். அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி டெண்டர், மறுபடி கல். இதில் யாருக்கு லாபம் என்று நான் எழுத வேண்டியதில்லை. சுவர் நின்றாலும் எங்களுக்கு வேறு ஒரு இழப்பு இருக்கிறது. கல் கொட்டிய கரையில் ஃபைபர் படகை ஏற்ற முடியாது, கரைவலை இழுக்க இடம் கிடையாது, மீன் காயவைக்கிற பெண்கள் ரோட்டோரத்துக்குப் போக வேண்டும். வீடு காப்பாற்றப்பட்டு, வீட்டுக்காரரின் பிழைப்பு பக்கத்து ஊர் மணலைத் தேடிப் போகிறது.

தூண்டில் வளைவு, அதாவது மணலைப் பிடித்து நிறுத்தக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் வரிசை, அதன் விஷயமும் இதுதான். தெற்கே ஒரு ஊரில் கட்டினால் அந்த ஊருக்கு மணல் தங்கும், அதற்கு வடக்கே இருப்பவன் மாட்டுவான். எங்களுக்குத் தெற்கே அதைக் கட்டிக்கொண்ட தந்திராயன்குப்பத்துக்காரர் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது, அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் தூண்டில் வளைவு கேட்டு அடுத்த ஊரை மாட்டிவிடுகிற இந்த வரிசையை எங்கே நிறுத்துவது? வடக்கே மரக்காணத்திலா? 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கரை மேலாண்மைத் திட்டம் தயாராகும்வரை தமிழ்நாட்டுக் கரையில் புதிதாக இப்படிக் கட்ட வேண்டாம் என்றது. நியாயமான உத்தரவு. ஆனால் கட்டாதே என்ற பாதி மட்டும் கரைக்கு வந்து சேர்ந்தால் போதாது. அதற்குப் பதில் என்ன என்ற மீதியும் மேட்டு விளிம்பில் இருக்கும் வீடுகளுக்கு வந்துசேர வேண்டும்.

மாற்று வழி கிடையாது என்று மட்டும் சொல்லாதீர்கள். புதுச்சேரி நகரத்திலேயே செய்து காட்டினீர்களே. தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்து, தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டை இறக்கி, முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் விட்டு, 2018, 2019 வாக்கில் கடற்கரைச் சாலைக்கு முன்னால் மணல் திரும்ப வந்தது. பல வருடம் கல் மட்டும் இருந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் விளையாடுகிறார்கள். நாங்களும் போய்ப் பார்த்தோம், மகிழ்ச்சிதான். சுற்றுலாக்காரர் நடக்கிற இடத்துக்கு வந்த யோசனை குப்பத்துக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்றும் பேசிக்கொண்டே வந்தோம். (திட்டு அப்படியே எங்கள் ஊருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆழம் வேறு, அலை வேறு, அது பொறியாளர்கள் பார்க்கவேண்டியது.)

நாங்கள் முதன்மையாகக் கேட்பது மணலை. துறைமுகத்துக்குத் தெற்கே சேர்வதையும் முகத்துவாரத்தில் தூர்வாருவதையும் வருடம் தவறாமல் வடக்குக் கரைக்கு அனுப்புங்கள். கட்டி முடித்து ரிப்பன் வெட்டுகிற வேலை இல்லை இது. துறைமுகம் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் செலவு வைக்கிற வேலை. தெருவிளக்குக்கு மின்கட்டணம் கட்டுவது போல. அதனால்தான் யாருக்கும் இது பிடிப்பதில்லை என்று நினைக்கிறேன், திறப்பு விழா கிடையாது. லாரியில் அள்ளிப் போடலாமே என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: ஒரு டிப்பருக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் கன மீட்டருக்குப் பத்தாயிரம் லோடு. ஈ.சி.ஆர் தாங்காது. நிலையான பம்பும் குழாயும் வேண்டும், அல்லது தூர்வாரும் கப்பலே வடக்கே வந்து மணலை விட வேண்டும். அதற்கு பட்ஜெட்டில் ஒரு கணக்குத் தலைப்பு வேண்டும், அந்தத் தலைப்பில் இரண்டு அரசும் பணம் போட வேண்டும். மணல் புறப்படும் இடம் புதுச்சேரி, அது தேவைப்படும் இடத்தில் பாதி தமிழ்நாடு. அரியாங்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை ஒரே கரையாகப் பார்க்கிற கூட்டுக் குழு இல்லாமல் இது நடக்காது. அந்தக் குழுவில் ஊர்ப் பஞ்சாயத்து ஆட்களும் இருக்க வேண்டும், அதுவும் கூட்டம் முடிந்ததும் டீ குடிக்கக் கூப்பிடுகிற அளவில் இல்லாமல், எங்கே எப்போது மணல் விடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில்.

வீடு மாற்றிப் போவது பற்றியும் பேசுகிறீர்கள். சில வீடுகளுக்கு அதுதான் வழி, எங்களுக்கும் புரிகிறது. ஆனால் பழைய அனுபவம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு 2005-ல் தமிழ்நாடு அரசு போட்ட ஆணையில், கடலிலிருந்து 200 மீட்டருக்குள் சேதமான வீட்டை விட்டு வந்தால் புது வீடு, வராவிட்டால் பழுது பார்க்க உதவி கிடையாது என்று இருந்தது. விட்டுப் போனவர்கள் பலர் விடியற்காலையில் வலையோடு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. கேரளாவில் புனர்கேகம் என்ற திட்டத்தில் கடலிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் மீனவக் குடும்பம் இடம் மாறினால் நிலத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பத்து லட்சம் கொடுக்கிறார்கள். போதாது என்று அங்கேயும் முணுமுணுப்பு உண்டு, இருந்தாலும் எழுதி வைத்த திட்டம் என்று ஒன்று இருக்கிறது. இங்கே எங்கள் நிலைமை என்ன? பட்டா இருக்கிற வீட்டின் மனை கடலுக்குள் போனால் பட்டா வெறும் தாள். பட்டா இல்லாத புறம்போக்கு வீட்டுக்கு அந்தத் தாளும் கிடையாது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடியும் நாடு முழுமைக்கும் ஒதுக்கச் சொன்னது, ஆற்றங்கரை, கடற்கரை இரண்டுக்கும் சேர்த்து. 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்து மத்திய அரசின் கடலோர ஆய்வு மையம் போட்ட கணக்கில் தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதமும் புதுச்சேரிக் கரையில் 56.2 சதவீதமும் அரிப்பில் இருக்கிறது. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிதியில் நீங்கள் எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு வந்தது, எங்கே செலவானது? இதற்குப் பதில் சொல்ல ஆய்வு எதுவும் தேவையில்லை.

பம்பும் குழுவும் வரும்வரைக்கும் வாடை காத்திருக்காது. அதனால் இந்த ஐப்பசிக்கு முன்னால் செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். மேட்டு விளிம்பில் இருக்கிற வீடுகளை இரண்டு மாநில வருவாய்த் துறையும் சேர்ந்து வந்து அளந்து, எது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிப் பட்டியலை ஊரில் ஒட்டுங்கள். தரை அந்தரத்தில் நிற்கிற வீடுகளில் இருப்பவர்களுக்கு மழைக்காலம் முழுவதற்கும் வாடகை கொடுங்கள், மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு பள்ளிக்கூடத்தைத் திறந்து சாம்பார் சாதம் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். கல் போட்டே ஆகவேண்டிய இடங்களில் துணி விரித்து, காலடி பதித்து, படகு ஏற வழி விட்டுப் போடுங்கள். அதன் வடக்கு முனையில் என்ன ஆகிறது என்று மாதாமாதம் அளந்து அந்தக் கணக்கையும் ஒட்டுங்கள். மேட்டின் மேலிருந்து ஓடி வரும் மழைத் தண்ணீருக்கும் வடிகால் வேண்டும். கடல் கீழிருந்து தின்னும்போது மழை மேலிருந்து கரைக்கிறது, ஃபெஞ்சலில் ஒரே நாளில் கொட்டிய மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதில் எழுதுவதாக இருந்தால் தனித்தனியாக இரண்டு கடிதம் அனுப்ப வேண்டாம். இரண்டு அரசின் கையெழுத்தும் ஒரே தாளில் வரட்டும்.

இப்படிக்கு,
பொம்மையார்பாளையம் கரையில் குடியிருக்கும் ஒருவன்