ஒப்பரேசன் செய்த பூனையைப் பத்து நாளாவது வளவுக்க விடாதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இப்ப யாழ்ப்பாணத்தில கன வீடுகளில பெட்டைப் பூனையளுக்குக் கருத்தடை ஒப்பரேசன் செய்விக்கினம், நல்ல விசயம், நாலைஞ்சு மாசத்திலயே சினைப்பட்டு ரெண்டு மாசத்தில குட்டி போட்டிடும், பிறகு அதுகளை உரப்பையில கட்டிச் சந்தையடியில விடுற பாவத்துக்கு ஒப்பரேசன் எவ்வளவோ மேல். ஆனா வீட்டை கொண்டுவந்த பிறகு நடக்கிறதைப் பாத்தாத்தான் வயிறு எரியுது. அண்டைக்குப் பின்னேரமே கூட்டைத் திறந்து வளவுக்க விட்டிடினம், கேட்டா "பூனைதானே, நக்கி ஆத்திக்கொள்ளும்" எண்டினம்.

நக்கினா ஆறாது. பூனையின்ர நாக்கு துருவலை மாதிரி, தையலைப் பிரிச்சுப்போடும், வாயில இருக்கிற கிருமியும் காயத்துக்க போகும். வெளியில தெரியிறது தோல் தையல் மட்டும்தான், உள்ளுக்க வயித்துச் சதையும் தைச்சிருக்கு, பாய்ஞ்சு மதில் ஏறி அந்த உள்த்தையல் விட்டுதெண்டா குடலே வெளியில வந்திடும். அதால பத்துப் பதினாலு நாளைக்கு ஒரு அறைக்க வச்சிருங்கோ, காயத்தை நக்கேலாமல் கழுத்தைச் சுத்திப் புனல் மாதிரி நிக்கிற கொலர் போடுங்கோ. கொலரோட சாப்பிட முட்டுப்படும், ஒரு கிண்ணத்தைக் கவிட்டு அதுக்கு மேல சாப்பாட்டுக் கோப்பையை வச்சா விளிம்பு நிலத்தில இடிக்காது, சாப்பிடும். கொலரை ஒரேயடியா மறுக்கிற பூனைக்கு கைக்குழந்தையின்ர ரீசேட்டைப் போட்டு வாலடியில முடிஞ்சு விடலாம், நனைஞ்சா உடன மாத்த வேணும். மலசலம் இருக்க வைக்கிற மணல் காயத்தில ஒட்டும், அதுக்குப் பதிலாப் பேப்பரைக் கிழிச்சுப் போடுங்கோ. குளிக்க வாக்கவே கூடாது.

காலமையும் பின்னேரமும் காயத்தை வடிவாப் பாருங்கோ. முதல் ரெண்டு மூண்டு நாள் கொஞ்சம் சிவந்து தடிச்சிருக்கிறது வழமை. சீழ் வடிஞ்சா, நாத்தம் வந்தா, வெட்டு வாய் பிளந்தா, ரத்தம் நிக்காட்டி, ஒரு நாளுக்கு மேல சாப்பிடாமல் சுருண்டு கிடந்தா அண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் காட்டவேணும். எங்கட வெக்கைக்கு இலையான் தான் பெரிய கரைச்சல், காயத்தில முட்டை போட்டா ஒரு நாளைக்குள்ளயே புழு வந்திடும்.

மஞ்சள் பூசாதேங்கோ, டெட்டோல் போட்டுக் கழுவாதேங்கோ, அதை நக்கினா பூனைக்கு நஞ்சு. எல்லாத்திலயும் பொல்லாதது பனடோல், அதாவது பரசிற்றமோல். நோவுக்கு எண்டு இரக்கப்பட்டுத்தான் குடுக்கினம், ஆனா பூனையின்ர ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கிற சக்தி இல்லை, ரத்தம் ஒட்சிசன் காவேலாமல் போய், முரசு மண்ணிறமாகி, முகம் வீங்கி, ஒரு குளிசையிலயே செத்துப்போகும். குழந்தைப் பிள்ளையளுக்குக் காய்ச்சலுக்குக் குடுக்கிற பனடோல் பாணியும் அதே மருந்துதான்.

இதுகள் சனத்துக்குத் தெரியாததுக்குச் சனத்தை மட்டும் குறை சொல்லேலாது. நாங்கள் எங்கட பூனையைக் கொண்டுபோன இடத்தில, அது மயக்கத்தில தலையை ஆட்டிக்கொண்டு கிடக்க, வாசலில வச்சு அவசரமா ரெண்டு வசனம் சொன்னவை, கையில தந்த துண்டு முழுக்க இங்கிலீசு. வீட்டில இருந்து பூனையைப் பாக்கிறது அனேகமா அம்மம்மாவும் பள்ளிக்கூடப் பிள்ளையளும் தானே. ஒப்பரேசன் செய்யிற எல்லா டொக்டர்மாரும் ஒரு பக்கத்தில தமிழில அச்சடிச்சுக் குடுக்கவேணும், தையல் வெட்டுற திகதியும் இரவில அவசரத்துக்கு எடுக்கிற போன் நம்பரும் அதில இருக்கவேணும். உங்கட பேப்பரும் ஒரு மிருக வைத்தியரைக் கொண்டு இதை எழுதுவிச்சு, வெட்டி வைக்கக்கூடிய மாதிரிப் போட்டா பெரிய உதவி.

நன்றி,
வாசகி ஒருத்தி,
கொக்குவில்