தண்ணீர் வடிந்த பிறகு வந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். 2022 ஆகஸ்ட்டில், ஆடிப்பெருக்கை ஒட்டிய நாள்களில், 120 அடியும் நிரம்பிவிட்ட மேட்டூர் அணையிலிருந்து காவிரியில் விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தபோது, பவானியிலும் குமாரபாளையத்திலும் கரையோரத் தெருக்கள் மூழ்கியதையும், வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் மக்கள் தங்கியதையும் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அப்போது சோறும் பாயும் தந்தவர்களுக்கு அங்கேயே கைகூப்பி நன்றி சொல்லிவிட்டோம். தண்ணீர் வடிந்து, பார்க்க வந்தவர்களெல்லாம் போன பிறகு எங்கள் தெருவுக்கு வந்தவர்களுக்கு முறையாக நன்றி சொல்லவில்லை. பவானிக் கரையோரத்து ஜமக்காள நெசவாளர் குடும்பங்களின் சார்பில் இந்த மடலை அவர்களுக்கே எழுதுகிறோம்.

வீடு நாலு நாள் வெயிலில் காய்ந்துவிடும், தறிக்குழி காயாது. ஜமக்காளம் நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதித்துத்தான் நெய்ய வேண்டும் என்பதால், வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் கடைசியாகத் தங்குகிற இடம் அந்தக் குழியாகவே இருக்கிறது. வண்டலை வாளி வாளியாக அள்ளிய பிறகும் அடியில் ஊற்றெடுத்துக்கொண்டே இருந்தது. இழைகளைத் தூக்கி இறக்கும் நூல் விழுதுகள் அழுகியிருந்தன, இழைகளைச் சீப்புப்போல் பிரித்து நிறுத்தும் அச்சில் துரு ஏறியிருந்தது, தறியில் ஏற்றியிருந்த நெட்டு நூலான பாவில் சிவப்புச் சாயம் பக்கத்து வெள்ளைப் பட்டைக்கு இறங்கியிருந்தது. அந்தப் பாவோ, கூலிக்கு நெய்கிற எங்களுடையது அல்ல; நூல் கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது.

முதல் நன்றி, சென்னிமலைப் பக்கமிருந்து கருவிப் பையோடு வந்திறங்கிய தறி ஆசாரிகளுக்கு. நாங்கள் அவசரப்பட்டு மரங்களையெல்லாம் வாசலில் வெயிலுக்குப் போட்டிருந்தோம். பெரியவர் ஒருவர் வந்ததும் வராததுமாக, "வெயில்ல போடாதீங்க சாமி, முறுக்கிக்கும்; நெழல்ல சாத்தி வையுங்க" என்று சொல்லி, தானே தூக்கி நிழலுக்கு மாற்றினார். ஊறி உப்பிய மரம் சட்டென்று காய்ந்தால் கோணிக்கொள்ளும், கோணிய சட்டத்தில் பாவு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்யும் என்பதை அவர் விளக்கிய பிறகுதான், எத்தனை தறிகள் அவரால் தப்பின என்பது எங்களுக்குப் புரிந்தது. ஏற்கெனவே கோணிவிட்டவற்றுக்கு மாற்றுமரம் இழைத்துக் கொடுத்தார்கள். மரத்துக்கு மட்டும் காசு வாங்கினார்கள், கைக்கூலி வாங்கவில்லை.

குழிக்குள் இறங்கி வண்டல் அள்ளிய ஈரோட்டுக் கல்லூரி மாணவர்களுக்கும், கெட்டுப்போன பாவைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டுப் புதிய நூலைக் கடனாகக் கொடுத்த நூல் வியாபாரிகளுக்கும் எங்கள் நன்றி. துணிமூட்டைகள் அனுப்பிய அன்பர்களுக்கும் நன்றி. நெசவுத் தெருவுக்கே சேலையும் வேட்டியும் வந்து குவிந்தபோது எங்கள் பெண்கள் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்கள் என்றாலும், அவற்றை உடுத்தாதவர் ஒருவரும் இல்லை.

திருப்பூரிலிருந்து வந்த தையல் ஆசிரியைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தறி ஓடாத மாதங்களில், குறுக்கு நூலைத் தார்க் குச்சியில் சுற்றித் தருகிற பெண்களுக்கும் வருமானமில்லை. பயிற்சி தருகிறோம் என்று முன்பும் சிலர் வந்ததுண்டு. சான்றிதழும் கிடைத்தது, வேலைதான் கிடைக்கவில்லை. இவர்கள் வந்த அன்றே, கற்கும் நாள்களுக்குப் படி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அன்றாடம் கூலி வாங்கி அரிசி வாங்கும் வீட்டில், படி இல்லாமல் ஒரு பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்ப மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது பனியன் கம்பெனியில் வேலை பார்த்து வளர்ந்த அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துணியின் ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்கக் கற்றவர்கள் சிலர் இன்று திருப்பூர் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்கள். மற்றவர்கள், சாயம் கலந்துவிட்ட ஜமக்காளத் துண்டுகளை வெட்டிப் பைகளாகத் தைத்தார்கள். கனத்த துணிக்குச் சாதாரண ஊசி முறிந்துகொண்டே இருந்ததால், ஆசிரியையே தடித்த ஊசிகளைத் தேடி வாங்கிவந்தார். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தில் தைத்த பை என்று சொன்னதும் கோவைக் கடைக்காரர் ஒருவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். அவருக்கும் இதன் வழியே நன்றி.

பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. வந்த பணத்தின் வரவு செலவு நோட்டு எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மேடையை ஒட்டிய அறையில் இருக்கிறது. கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மீதமிருக்கும் தொகையில், அடுத்த ஆடிக்குள், தாழ்வான வீடுகளின் தறிக்குழிகளைச் சுற்றி மேடை உயர்த்தவும், அவிழ்த்த பாவுகளையும் அச்சுகளையும் பத்திரப்படுத்த மேட்டுத் தெருவில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கவும் தீர்மானித்திருக்கிறோம். இதில் மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் பங்குனி முடிவதற்குள் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கரையோர நெசவாளர் குடும்பங்கள்,
பவானி.