கொம்போஸ்ட் வாளிக்குள்ள பொலித்தீன், உரப்பை நூல் போடாதீங்கோ

எல்லாருக்கும் வணக்கம். உப்புவெளிப் பக்க வீடுகள்ள சேர்த்த கொம்போஸ்ட்டை இண்டைக்கு அரிச்சம், நல்லா உக்கி கறுப்பா வந்திருக்கு, ஆனா அதுக்குள்ள சஷே மூலை, சோறு சுத்துற லஞ்ச் சீற் துண்டு (2017ல தடை செய்தும் இன்னும் வருது), எல்லாத்தையும் விட மோசம் உரப்பை நூல். இலை குப்பை அள்ள உரப்பையைத்தான் எல்லாரும் பாவிக்கிறம், அது வெயில்ல கிடந்து நைஞ்சு தும்பு தும்பா உதிருது, அரிதட்டில லஞ்ச் சீற் நிக்கும், நூல் நெடுக்கா நிண்டு அரிதட்டு ஓட்டைக்குள்ளால கீழ போயிடும், பிறகு கையால பொறுக்கவே ஏலாது. அது பொலிப்ரொப்பிலீன் எண்ட பிளாஸ்ரிக், உக்காது, உடைஞ்சு உடைஞ்சு 5 மில்லிமீற்றருக்கும் சின்னத் துணிக்கையாகி மண்ணிலயே கிடக்கும், மண்புழுவும் விழுங்கும். கத்தரிப் பாத்திக்கு இதைப் போட எனக்கு மனமே வரேல்ல.

தயவுசெய்து இனி சணல் சாக்கு இல்லாட்டி ஓலைக் கடகத்தில கொண்டு வாங்கோ. வீடு கூட்டின தூசியும் வேண்டாம், பொலியெஸ்டர் உடுப்பு நூலும் அதில இருக்கும். தேயிலைப் பை கனக்கத்தில ஓரம் ஒட்ட பிளாஸ்ரிக் இருக்கு, பிச்சு சக்கையை மட்டும் போடுங்கோ. உக்கும் எண்டு அச்சடிச்ச பேக்குகளும் வேண்டாம், கனக்கத்துக்குத் தொழிற்சாலைச் சூடு வேணும், எங்கட வாளிக்குள்ள அது வராது.

மாரி மழைக்கு முதல் பாத்திக்குப் போடோணும், ஞாயிறு வாளி தரேக்க ஒருக்கா கிண்டிப் பாத்துத் தாங்கோ. சந்தேகமான சாமானெண்டா படம் எடுத்து இதில போடுங்கோ, பாத்துச் சொல்றன்.