கும்பகோணம் ரோட்டுக்கு எந்தக் கார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் வாங்குவதுதான் லாபம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விவரமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியவர் சென்னை அண்ணா சாலை நெரிசலை மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் இருந்துகொண்டு கார் வாங்க நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

கம்பெனி சொல்லும் மைலேஜையே எடுத்துக்கொள்வோம். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு (மோட்டார் தனியாகவும் வண்டியை நகர்த்தும் ரகம்) லிட்டருக்கு 27.97 கி.மீ. கையால் கியர் போடும் சின்ன பெட்ரோல் காரான புது ஸ்விஃப்டுக்கு 24.80. வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டினால் முதலாவதற்குச் சுமார் 358 லிட்டர், இரண்டாவதற்கு 403 லிட்டர். மிச்சம் 45 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். (நரிமணத்தில் எண்ணெய் எடுத்தும் நம் ஊர் பெட்ரோல் பங்க்கில் விலை குறையவில்லை, அது தனி வருத்தம்.) இதற்காகக் கூடுதலாகப் போடும் பணமோ பல லட்சம். போதாததற்கு, விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் சாலை வரியும் 13 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிடுகிறது. அந்தப் பணத்தைத் தபால் ஆபீஸில் போட்டு, வரும் வட்டியில் பெட்ரோல் அடிக்கலாம்.

இரண்டும் ஒரே ரக வண்டி இல்லையே என்று கேட்பீர்கள். சரி, பெரிய கார்தான் வேண்டும் என்பவர் கிராண்ட் விட்டாராவிலேயே மைல்டு ஹைப்ரிட்டையும் (மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுப்பதோடு சரி) ஸ்ட்ராங் ஹைப்ரிட்டையும் ஒப்பிடட்டும். மைல்டுக்கு 21 கி.மீ. சொச்சம்தான். அங்கே வருடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் மிச்சமாகும். அவருக்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

நின்று நின்று போகிற இடத்தில் ஹைப்ரிட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதையும் மறுக்கவில்லை. முகூர்த்த நாளில் கும்பகோணத்துக்குள் போய்ப் பாருங்கள். சின்ன பெட்ரோல் காரின் மைலேஜ் படுத்துவிடும். ஹைப்ரிட்டோ மோட்டாரிலேயே ஊர்ந்து போகும், பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சார்ஜையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வெயிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, இன்ஜின் அணைந்திருக்கும்போதே ஏசி ஓடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் அது தினமும் இல்லையே. குடவாசல், மன்னார்குடி என்று நாம் போகும் ரோட்டில் சிக்னல் கிடையாது, மேடு பள்ளமும் பெரிதாக இல்லை. வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தால்தான் நிற்க வேண்டியிருக்கும். நாற்பது ஐம்பதில் ஒரே சீராகப் போகும்போது சின்ன கார் கொடுக்கும் மைலேஜே தாராளம்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று எலி. அறுவடை முடிந்ததும் வயல் எலி எல்லாம் ஊருக்குள் வந்துவிடும். வைக்கோல் போர் பக்கத்தில் காரை நிறுத்துபவர்களைக் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு பழைய ஆல்ட்டோவில் எலி ஒயரைக் கடித்துவிட்டது. முக்குப் பட்டறைக்காரர் பானட்டைத் திறந்து, கடிபட்ட இடத்தை வெட்டிவிட்டுப் புது ஒயர் துண்டு சேர்த்து, டேப் சுற்றி அனுப்பிவிட்டார். ஹைப்ரிட்டில் ஆரஞ்சு நிறத்தில் போகும் ஒயரில் நூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறது. அதில் அவர் கை வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அப்புறம், சில ஹைப்ரிட்களில் பேட்டரி காற்று வாங்கும் துளை பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் நெல் மூட்டை ஏற்றுகிறவர்கள் அதை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரிக்கு டொயோட்டா 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி தருகிறது, நல்லதுதான். ஆனால் நம் பக்கம் கார் வாங்கினால் பதினைந்து வருடம் வைத்திருப்போம்.

ஹைப்ரிட்டால் யாருக்கு லாபம் என்றால், கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு. திங்களூர், ஆலங்குடி, வைத்தீஸ்வரன் கோயில், திருநள்ளாறு என்று நாள் முழுக்க ஓட்டம், பாதி நேரம் கோயில் வாசல் கூட்டத்தில் ஊர்தல். கூடுதல் விலையை அவர்கள் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று. மைல்டு ஹைப்ரிட்டையும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டையும் கட்டுரை ஒன்றாகக் கலந்துவிட்டது. மைல்டில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை நகர்த்தாது. ஷோரூமிலும் வெறும் 'ஹைப்ரிட்' என்றே சொல்கிறார்கள். தயவுசெய்து இனிமேல் பிரித்து எழுதுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல், நீளம் நாலு மீட்டருக்கு மிகாத, இன்ஜின் 1200 சி.சி.க்குள் அடங்கும் பெட்ரோல் ஹைப்ரிட்டுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். பெரியதற்கு 40. சுசுகி 2017-லேயே ஜப்பானில் 1.2 லிட்டர் ஸ்விஃப்டை ஸ்ட்ராங் ஹைப்ரிட்டாக விற்றது. நமக்குத் தோதானது அந்த அளவு வண்டிதான். அது ஏன் இங்கே வரவில்லை என்று கம்பெனிக்காரர்களைப் பார்க்கும்போது தங்கள் நிருபர் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வலங்கைமான், திருவாரூர் மாவட்டம்.